பந்தல் துணியில் முப்பது பெயர்கள்

அந்தப் பந்தல் துணியை உதறி விரித்தபோது முதலில் விழுந்தது ஒரு செத்த பல்லி. பிறகுதான் பழைய பனியன் துணியின் வாசம் வந்தது. வெள்ளை, சாம்பல், ஊதா என்று முப்பத்திரண்டு வெட்டுத்துண்டுகளை ஒட்டுப்போட்ட கூரை. எட்டு மணி நேர ஷிப்டு கேட்டு எங்கள் பனியன் கம்பெனி வாசலில் உட்கார்ந்திருந்த கோடையில், வெயில் தாளாமல் ஒருத்தி வீட்டிலிருந்து மிதி மெஷினைத் தூக்கி வந்தோம். டெய்லர் பெண்கள் ஆளுக்கொரு துண்டு தைத்தோம். கேட்ட ஷிப்டு கிடைத்தது. பந்தல் துணி, எங்கள் தொழிற்சங்க அலுவலகப் பரணுக்குப் போனது.

சங்கத்தின் பழைய காகிதங்களைச் சேர்த்து ஆவணக் காப்பகம் அமைத்தபோது, வேலையை விட்டு வீட்டில் சும்மா இருந்த என்னையும் உதவிக்குக் கூப்பிட்டார்கள். பொறுப்பாக வந்த படித்த பெண் கெட்டிக்காரி. துண்டறிக்கைகள், கூட்டக் குறிப்பேடுகள், புகைப்படங்கள் எல்லாவற்றையும் தூசி தட்டி அடுக்கினாள். அவற்றில் தலைவர்கள் பெயர் இருந்தது, பேசியவர்கள் பெயர் இருந்தது, கூட்டத்துக்கு சோடா வாங்கிக் கொடுத்தவர் பெயர்கூட இருந்தது. பந்தல் துணிக்கு அவள் எழுதிய அட்டையில் மட்டும் ‘பெயர் தெரியாத பெண் தொழிலாளர்கள்’ என்றிருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. தைத்தவள் எதிரிலேயே குத்துக்கல்லாக நிற்கிறேன், நான் பெயர் தெரியாதவளா?

“அப்ப உங்க துண்டு எதுங்கம்மா?” என்று கேட்டாள்.

குனிந்து பார்த்தேன். தெரியவில்லை. ஆதாரம் இல்லாமல் பெயர் போட முடியாது என்றாள். அவள் சொன்னது நியாயமாகவும் இருந்ததுதான் கூடுதல் எரிச்சல். திறப்பு விழாவுக்கு எட்டு நாள்தான் இருந்தது.

செக்கிங் அக்காவின் நினைவு அப்போதுதான் வந்தது. நாங்கள் தைத்த ஒவ்வொரு பீஸும் அவர் மேசையைத் தாண்டித்தான் வெளியே போகும். தையலில் குறை இருந்தால், யார் தைத்தது என்று கேட்கவே மாட்டார். பீஸ் பறந்து வந்து சரியானவள் மடியில் விழும். “ஆல்டர்!” என்ற குரல் பின்னாலேயே வரும். பிரித்துத் தைக்க வேண்டும். அவருக்குப் பேய் என்று பட்டப்பெயர் வைத்தவளே நான்தான். அவர் ஆல்டரில் பாதி என் மடிக்குத்தான் வரும். ஆனால் கம்பெனி கூப்பிட்டும் உள்ளே போகாமல், அந்தப் பந்தலில் கடைசிவரை எங்களோடு உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டினார்.

சொல்லியனுப்பியதும் வெள்ளகோவிலில் இருந்து பஸ் ஏறி வந்தார். முட்டிவலியோடு தரையில் உட்கார்ந்து, துணியை அப்படியே பின்பக்கம் திருப்பிப் போட்டார்.

“தையல மொகத்துல பாத்தா ஒண்ணும் தெரியாதுங்க அம்மணி. முதுகுல பாக்கோணும்.”

கட்டைவிரல் நகம் தையல்மேல் ஓடியது. இவள் துணியை இழுத்து ஓட்டுவாள், அதுதான் சுருங்கியிருக்கிறது. இவள் பயந்தாங்கொள்ளி, பிரிந்துவிடுமோ என்று முனையில் மூன்று தரம் கெட்டித் தையல் போடுவாள். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. பதினோராவது துண்டில் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இது நீயி கண்ணு. நூலு அறுந்த எடத்துல முடிச்சுப் போடாம ஓட்டியிருக்கற. எத்தன தரம் சொல்லியிருப்பேன்?”

திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

காப்பகத்துப் பெண் இதற்கும் மசியவில்லை. மங்கலத்திலிருந்து எங்கள் பழைய டெய்லர்கள் மூன்று பேரை வரவழைத்தாள். என்னையும் சேர்த்து நால்வரும் பக்கத்து அறையில் ஆளுக்கொரு துண்டு தைத்தோம். அவற்றைக் கலந்து அவளே அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். நாங்கள் வந்து வரிசையாக உட்கார்ந்ததும், அக்கா ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்து எறிந்தார். நாலும் சரியான மடியில் விழுந்தன. அந்தப் பெண் எழுந்து கைதட்டினாள்.

இரண்டு துண்டுகளுக்கு மட்டும் அக்கா உதட்டைப் பிதுக்கினார். “இது நம்ம கம்பெனி கை இல்லீங்க. பக்கத்துக் கம்பெனியில இருந்து ஆரோ வந்து தச்சுக் குடுத்திருக்கறாங்க.” அப்படியே எழுதினோம். முப்பது பெயர்கள், பக்கத்துக் கம்பெனித் தோழிகள் இருவர், அதற்குக் கீழே, கண்டு சொன்னவராக அக்காவின் பெயர்.

திறப்பு விழாவன்று மேடையில் மாலையும் சால்வையுமாகத் தலைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு தொடங்கும் நேரத்தில், எங்களில் இறந்துபோன ஒருத்தியின் மகள், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு நேராக ஷிப்டிலிருந்து வந்தாள். பந்தல் துணியின் பெயர்ப் பட்டியல் முன்னால் நின்று விரலால் தேடினாள்.

“எங்கம்மா பேரு எங்கயும் அப்பா பேருக்குப் பின்னாலதானுங்க இருக்கும். இங்க தனியா இருக்குதுங்க.”

அந்தப் பெயரை உரக்கப் படித்தாள். நிறுத்துவாள் என்று பார்த்தால், அடுத்த பெயரையும் படித்தாள். தலைவர் பேச எழுந்து மைக்முன் நின்றுவிட்டார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முப்பதையும் படித்து முடிக்கும்வரை மேடை காத்திருந்தது.