கசற்றில் வராத மன்னிப்பு

“தங்கச்சி, இது எந்தக் கசற்றில வந்தது?”

சிட்னி நூலகம் ஒன்றில் வேலை பார்த்த கல்யாணியிடம் கேதீஸ்வரன் கேட்ட முதல் கேள்வி அது. நீட்டிய பத்திரிகைத் துண்டில், விசா முடிந்தும் தங்கியிருப்பவர்கள் 1976 ஏப்ரல் முப்பதுக்குள் பெயர் கொடுத்தால் நிரந்தரமாக இருக்கலாம் என்றிருந்தது.

“அரசாங்கக் கசற்றில வரத் தேவையில்லை அண்ணை. மந்திரி சொல்லியிருக்கிறார்.”

“மந்திரி பேப்பருக்குச் சொன்னவர். பாராளுமன்றம் சொன்னதோ?”

“இல்லை.”

“அப்ப இது எலிப்பொறிக்குள்ள வைச்ச தேங்காய்ச் சொட்டு.”

“பிடிக்கிறதெண்டா விளம்பரம் போட்டே பிடிப்பினம்?”

“போட்டால்தானே எலி பஸ் எடுத்து வரும்!”

பக்கத்து மேசைக் கிழவி ‘உஷ்’ என்றாள்.

கொழும்பில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பதினான்கு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர் அவர். வெள்ளிதோறும் வரும் அரசிதழான வர்த்தமானியை, அவர் வாயில் கசற்றை, கோப்பில் போடுவது அவர் வேலை. சிங்களம் தேறாததால் தன் வேலை போகவிருந்த விதியையும் அவரே வாசித்து, அவரே துளையிட்டுக் கோப்பில் கட்டினார். அச்சில் வராத எதையும் அவர் நம்பியதில்லை.

மூன்று மாத விசாவில் சிட்னிக்கு வந்து மூன்று வருடமாகியிருந்தது. டயர் தொழிற்சாலையில் அவர் பெயர் ‘கீத்’. மனைவி சத்தியபாமா சாவகச்சேரியில். அவளிடம் போனால் திரும்பி வரமுடியாது. இப்படி ஒளிந்திருந்தால் அவளைக் கூப்பிடவும் முடியாது.

சனிதோறும் வந்து அவுஸ்திரேலிய வர்த்தமானியைப் புரட்டினார். அறிவிப்பு அகப்படவில்லை. நாள்கள் கரைந்தன. தொழிற்சாலையில் பக்கத்து மெஷின்காரன் பெயர் கொடுத்து, கடவுச்சீட்டில் நிரந்தர அனுமதி முத்திரையும் வாங்கிவிட்டான்.

“அவன் கிரேக்கன். எங்கட நிறத்துக்கு வேற கோப்பு வைச்சிருப்பாங்கள்.”

“நிறம் பாக்கக்கூடாதெண்டு போன வருசம் சட்டமே வந்திட்டுது அண்ணை.”

“கசற்றில?”

“பாராளுமன்றத்தில.”

கேதீஸ்வரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தவணை முடிவதற்கு முந்திய கடைசிச் சனி வந்தது. கல்யாணி குடிவரவுச் சட்டத்தைக் கொண்டுவந்து விரித்தாள். தற்காலிக அனுமதியை மந்திரி நினைத்தபோது ரத்துச் செய்யலாம். நிரந்தர அனுமதியில் அவர் அப்படிக் கைவைக்க முடியாது. குற்றம் போன்ற, சட்டம் சொன்ன காரணம் வேண்டும். கேதீஸ்வரன் இரண்டு தடவை வாசித்தார். பிரிவு இலக்கத்தைச் சிகரெட் பெட்டியில் குறித்தார்.

“அப்ப, முத்திரை குத்தினாப் பிறகு மந்திரியின்ர கையும் கட்டு.”

“ஓம்.”

“பேர் குடுக்கிறதுக்கும் முத்திரை குத்திறதுக்கும் இடையில?”

கல்யாணி பக்கங்களைப் புரட்டினாள். அந்த இடைவெளிக்குச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. மந்திரியின் வாக்கு மட்டுந்தான். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

“ஒண்டுமில்லை அண்ணை.”

அவர் சிகரெட் பெட்டியைச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு சத்தியபாமாவின் விலாசத்தை ஒரு தாளில் எழுதி அவளிடம் கொடுத்தார்.

“வெள்ளிக்கிழமை குடிவரவுக் கந்தோரில பேர் குடுக்கப் போறன். நீர் உள்ள வரவேண்டாம் தங்கச்சி. எதிர்ப்பக்கம், பஸ் தரிப்பில நில்லும். என்னைப் பிடிச்சுப் பொலிஸ் வானில ஏத்தினால் ஓடி வராதேயும், கத்தாதேயும். வானின்ர நம்பரையும் நேரத்தையும் எழுதி அவவுக்கு அனுப்பிவிடும்.”