மருந்து ஊற்றிய பெட்ரோல்

மானாம்பதிப் பக்கம் எங்களுக்கு இருப்பது முப்பது சென்ட் நிலம். போன புரட்டாசியில் நெல் முற்றித் தலை சாய்ந்து நின்றது. சுற்றிலும் அடுத்தவர் பயிர் பச்சையாக இருந்ததால் அறுவடை வண்டி இறங்க வழியில்லை. இன்னொரு மழை பெய்தால் கதிரிலேயே முளைத்துவிடும். எங்கள் வீட்டுச் சோறே அந்த நெல்தான்.

தோளில் மாட்டி அறுக்கும் சின்ன மெஷின் எங்கள் ஊரில் ஒரு பெண்ணிடம்தான் உண்டு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் வயலிலேயே கூலிக்கு அரிவாள் பிடித்து, பிறகு சொந்தமாக மெஷின் வாங்கியவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

பெட்ரோல் வாங்கித் தருவது வயல்காரர் பொறுப்பு. பங்க்கில் கேனில் தர மூக்கால் அழுவார்கள் என்று மூன்று வாரம் முன்பே கெஞ்சி வாங்கி, மோட்டார் கொட்டகையில் வைத்திருந்தேன். போதாததற்கு, இன்ஜினைச் சுத்தமாக்கும் என்று கடைக்காரர் சொன்ன மருந்தையும் வாங்கி, ஒரு மூடிக்கு இரண்டு மூடியாக ஊற்றினேன். என் முன்யோசனையை நானே மெச்சிக்கொண்டேன்.

அக்கா கேனைத் திறந்து மோந்து பார்த்தார். "ஒரு கண்ணாடி பாட்டில் எடுத்தா தம்பி."

தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "மருந்தெல்லாம் ஊத்திக்கீறேன்க்கா. மழ வர நேரத்துல இன்னா சோதனை?"

நான் எடுத்துவந்த பாட்டிலில் அவர் ஊற்றி வரப்பில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் மேலே பெட்ரோலும் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கல் தண்ணீருமாகப் பிரிந்து நின்றது. கொட்டகை ஒழுகும். கேன் மூடியைச் சரியாகத் திருகாத புண்ணியவான் நான்தான்.

"இப்ப வர பெட்ரோல்ல எத்தனாலுனு ஒரு சாராயம் கலந்துக்கீது. அது ஈரத்த இழுத்துக்கும். இந்த மெஷினுக்கு பெட்ரோல்லயே ஆயில் கலக்கணும்; அடியில நிக்கிற தண்ணில அது கலக்காது. ஓட்டுனா பிஸ்டன் புடிச்சிக்கும். ஒரு தபா பட்டுட்டேன். இதுக்கு எந்த மருந்தும் கேக்காது."

அவர் என் பைக்கைப் பார்த்தார். "பெட்ரோலு எப்ப போட்ட?"

"காலைலதான்."

பைக் டேங்கின் டியூபைப் பிடுங்கி ஒன்றரை லிட்டர் இறக்கினார். அதையும் பாட்டிலில் பார்த்த பிறகே நம்பினார். மாட்டுக்கு ஊசி போடும் சிரிஞ்சில் ஆயிலை லிட்டருக்கு நாற்பது மில்லி என்று அளந்து கலந்தார். மழை துரத்தும்போதும் அந்தக் கை பதறவில்லை. எனக்கு அப்படி ஒரு கை வாய்க்காதா என்று பொறாமையாக இருந்தது.

கயிற்றின் இரண்டாம் இழுப்பில் மெஷின் ஓடத் தொடங்கியது. அவர் அறுக்க அறுக்க நானும் என் மனைவியும் வாரிக் கட்டிக் களத்துக்குச் சுமந்தோம். கடைசிக் கட்டின்மேல் தார்ப்பாயை இழுக்கும்போது தூறல் விழுந்தது. என் அவசரத்துக்கு அவர் பணிந்திருந்தால் பாதி வயலில் மெஷின் நின்றிருக்கும். பிறர் அதட்டலுக்கு அசையாத பிடிவாதத்தை அன்றுதான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் இன்னும் வரப்பில் நின்று மெஷினைச் சும்மா ஓடவிட்டுக்கொண்டிருந்தார். மிச்ச பெட்ரோல் உள்ளே தங்கினால் மெஷின் கெட்டுவிடுமாம். ஒரு சாக்கை மடித்துக் கொண்டுபோய் அவர் தலைமேல் பிடித்தேன்.

"எனக்கு இன்னாத்துக்கு? நான் நனைஞ்சா காய்வேன். மெஷினுக்குப் புடி."

மெஷினுக்குப் பிடித்தேன். அது ஓடித் தீரும்வரை இருவரும் நனைந்தோம்.