இறுகிப்போன பிரேக்கும் ஹன்னியாவும்

ஸஃபி துறைமுகத்தில் மத்தி மீன் வாங்கி உள்நாட்டுச் சந்தைகளுக்குக் கொண்டுபோகிறவர்கள் பெரும்பாலும் பழைய மோட்டார் சைக்கிள்காரர்கள். பின்னால் இரண்டு பெட்டி, ஹெட்லைட்டுக்கு மேல் ஒரு பெட்டி. ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் நாள் முழுக்க முன்சக்கரத்தில் சொட்டும். எஞ்சின் அதைத் தாங்கிவிடும், பிரேக் தாங்காது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பருக்குள் உப்பு ஏறி, அதன் பிஸ்டன் ஒருநாள் அசைய மாட்டேன் என்று இறுகி நின்றுவிடும். அப்படி நின்றதை உடைக்காமல் விடுவிக்க ஹன்னியாவை விட்டால் ஆளில்லை என்று இன்று துறைமுகமே சொல்கிறது. ஐந்து வருடத்துக்கு முன்னால் இதே ஆட்கள் வேறு மாதிரி பேசினார்கள்.

ஹன்னியா பத்தொன்பது வருடம் மீன் ஆலையில் டின்களுக்கு மூடி அழுத்தும் இயந்திரத்தில் நின்றவள். ஆலையை மூடிய வருடமே அவள் கணவன் புஷைப் குயவர் மேட்டு இறக்கத்தில் மீன் வண்டியோடு விழுந்தான். முன்பிரேக் இறுகி, டிஸ்க்கை விடாமல் உரசி, பிரேக் ஆயில் கொதித்துப்போயிருந்தது. அவன் பிடியை அழுத்தியபோது அது வெறுமனே கைக்குள் வந்தது. வண்டி ஒரு சூளைச் சுவரில் மோதி நின்றது. இடது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

கணவன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது ஹன்னியா அந்தக் காலிப்பரைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பட்டறை வைத்திருந்த கத்தூரிடம் போனாள். எது தன் புருஷன் காலை ஒடித்தது என்று தெரியாமல் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கத்தூர் சிரித்தான்; பெண்களை மரியாதையாக அழைக்கும் 'லல்லா'வை மட்டும் விடவில்லை. "லல்லா, இது மீன் டப்பா இல்ல, தொறந்து பாக்குறதுக்கு. தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க."

"புதுசு எங்க கெடைக்கும்?"

"எங்கயும் கெடைக்காது. இந்த மாடல் நின்னு இருவது வருசம் ஆச்சு."

"கெடைக்காததை வாங்கச் சொல்ற, கையில இருக்கிறத தூக்கிப் போடச் சொல்ற. நல்லா இருக்குப்பா ஒன் வைத்தியம்."

வீட்டுக்கு வந்து டீசலில் ஊறவைத்தாள், கொதிநீரில் போட்டாள். பிஸ்டன் அசையவில்லை. ஆலையில் இயந்திரம் இறுகினால் ஃபிட்டர்கள் சுத்தியலைத் தொடமாட்டார்கள், கிரீஸை உள்ளே அழுத்தித்தான் தள்ளுவார்கள். அது ஞாபகம் வந்ததும் படகுப் பட்டறை லேத்துக்காரர் மைமூனிடம் கிரீஸ் கன் இரவல் கேட்டாள். காலிப்பரில் காற்று எடுக்கிற துளைக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு சின்னப் பித்தளை முனையும் கடைந்து வாங்கினாள். பிஸ்டன் வாய்க்கு எதிரே ஒரு மரக்கட்டையை வைத்து, மெல்ல மெல்ல அழுத்தினாள். பத்து அழுத்துக்கு ஒன்றுமில்லை. பதினோராவதில் 'டக்' என்று ஒரு சத்தம். பிஸ்டன் மயிரிழை வெளியே வந்திருந்தது.

முழுசாக வந்தபின் பார்த்தால், பிஸ்டனில் பெரிய பழுதில்லை. அதைச் சுற்றிய ரப்பர் வளையத்துக்குப் பின்னால், வளையம் உட்காரும் காடியில், வெள்ளைப் பொடி கல்லாக இறுகியிருந்தது. காலிப்பரின் அலுமினியத்தை உப்பு தின்று கக்கிய பொடி அது. அது ரப்பரை நெட்டித் தள்ள, ரப்பர் பிஸ்டனை நெரித்திருக்கிறது. பழைய சாமான் கடையில் வாங்கிய பல் டாக்டர் கொக்கியால் காடியைச் சுரண்டிச் சுரண்டி அவள் அந்தப் பொடியை ஒரு தட்டில் சேர்த்தாள். புஷைப் வீடு வந்ததும் கட்டிலருகே கொண்டுபோய்க் காட்டினாள்.

"இத்தனூண்டு மாவா என் காலை ஒடிச்சுது?"

"ஆமா. தினம் ஒரு வாளி நல்ல தண்ணி ஊத்தியிருந்தா இது வந்திருக்காது."

"நான் மீனைக் கழுவுவேனா, வண்டியைக் கழுவுவேனா?"

"மீனையாவது கழுவுனியா?" என்றாள் ஹன்னியா. விபத்துக்குப் பிறகு புஷைப் அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தான்.

இப்படித்தான் தொழில் தொடங்கியது. முதலில் வந்தவர்கள் திருட்டுத்தனமாகத்தான் வந்தார்கள். பிரேக்கைப் பெண்பிள்ளையிடம் கொடுத்தது வெளியே தெரியக்கூடாதாம். காலிப்பரைப் புதினாக் கட்டுக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவருவார்கள். வாங்கிப்போனவன் அடுத்த மாதம் மச்சானை அனுப்புவான், அதுவும் புதினாவோடுதான். "என் வீட்டுல புதினா டீக்குப் பஞ்சமே இல்ல" என்பாள் ஹன்னியா.

ஒளிக்காமல் வந்த முதல் ஆள் ஜிலாலி. வேறு வழியில்லாமல் வந்தான். அவன் காலிப்பரைக் கத்தூர் காற்று அடித்து எடுக்கப் பார்த்ததில் பிஸ்டன் குண்டு மாதிரி பாய்ந்து கத்தூரின் கட்டைவிரல் நகத்தைப் பெயர்த்துவிட்டிருந்தது. வண்டியை அவள் வாசலில் நிறுத்தி, காலிப்பரையும் பிஸ்டனையும் ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தான். மறுநாள் மாலை வந்தபோது பிஸ்டன் மேஜைமேல் தனியாகக் கிடந்தது. குறடு கடித்த தடம், அம்மைத் தழும்பு மாதிரி துருக்குழிகள்.

"இது ஆகாது அண்ணே" என்றாள்.

"உப்புத்தாளால ஒரு தேய் தேச்சு உள்ள போடு. நாளைக்கு எனக்குச் சந்தை."

"தேச்சா குழி போகாது. ரப்பரை அறுக்கும், ஆயில் ஒழுகும்."

"ஒழுகட்டும். வண்டி என்னோடது, உசுரும் என்னோடது."

"இறக்கத்துல நடந்து வர்றவங்க உசுரும் ஒன்னோடதா?"

ஜிலாலி கத்த ஆரம்பித்தான். தெருவே கூடியது. மீன் ஆலைக்காரிக்கு வாய் மட்டும்தான் என்றான். வண்டியைத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தவன் முன்சக்கரம் இல்லாததைக் கண்டு திகைத்தான். அதை அவள் சமையலறையில் வைத்துப் பூட்டியிருந்தாள். சாவி கேட்டு அவன் அதட்டினான். அவள் கொடுக்கவில்லை. புஷைப் கைத்தடி ஊன்றி வெளியே வந்து, "டேய் ஜிலாலி, என் காலைப் பாத்துட்டு அப்புறம் கத்து" என்று சட்டையைத் தூக்கி, இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கும் தையலின் மேல்முனையைக் காட்டினான். ஜிலாலி அடங்கினான். அடங்கினானே தவிர, சந்தை போன ஆத்திரம் முகத்திலிருந்து போகவில்லை.

விடிந்ததும் ஹன்னியா மைமூனிடம் ஓடினாள். படகு விசிறித் தண்டில் வெட்டி மிஞ்சிய துரு ஏறாத இரும்புத் துண்டு ஒன்று அவர் பட்டறையில் இருந்தது. அதில் புது பிஸ்டன் கடையச் சொன்னாள். முதலாவது இறுக்கமாக இருந்தது. இரண்டாவது தொளதொளத்தது.

"போதும்மா, படகு எஞ்சினுக்கே நான் இவ்வளவு பாக்கறதில்ல" என்றார் மைமூன்.

"படகு இறக்கத்துல போகாதே மாமா."

மூன்றாவது, பிரேக் ஆயில் தடவி ஒற்றை விரலால் அழுத்தியதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. மறுபடி வெளியே எடுத்து மறுபடி அழுத்தினாள். சரிபார்க்க அல்ல, அப்படிப் போவதைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது.

மதியம் மாட்டி முடித்தாள். ஜிலாலி பிடியை அழுத்திப் பார்த்துவிட்டு, "அவ்வளவு நம்பிக்கைன்னா பின்னால ஒக்காரு, குயவர் மேட்டுல எறங்குவோம்" என்றான். பயமுறுத்தத்தான் சொன்னான். ஹன்னியா மேலங்கியைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

புஷைப் விழுந்த இறக்கத்தில் அவள் அதுவரை வண்டியில் போனதில்லை. உச்சியில் கண்ணை மூட நினைத்தாள், மூடவில்லை. பாதி வழியில் ஜிலாலி இரண்டு விரலால் பிடியைத் தொட்டான். வண்டி சத்தமில்லாமல் தணிந்து நின்றது. விட்டதும் சக்கரம் தானாக உருண்டது. அவன் மறுபடி பிடித்தான், மறுபடி விட்டான், ஆறேழு முறை, சின்னப்பிள்ளை விளையாட்டுப்போல.

"வாங்கினப்பகூட இப்படி இருந்ததில்ல" என்றான், திரும்பிப் பார்க்காமல். பிறகு, "நேத்து பேசினதை மனசுல வச்சுக்காதீங்க லல்லா."

"வச்சுக்கலை. கீழ போய் முன்சக்கரத்துக்கு ஒரு வாளி நல்ல தண்ணி ஊத்து. தினமும் ஊத்து."

அதற்குப் பிறகு யாரும் புதினாக் கட்டோடு வரவில்லை, காலிப்பரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உரிமையாக வந்தார்கள். கத்தூர்கூட இப்போது தனக்கு வருகிற காலிப்பர்களைத் தொடாமல் அப்படியே அனுப்பிவிடுகிறான். வடக்கே லரேஷ் துறைமுகத்திலிருந்தும் தெற்கே தக்லா துறைமுகத்திலிருந்தும் பஸ்ஸில் பொட்டலங்கள் வருகின்றன. புஷைப் உட்கார்ந்த இடத்திலேயே ரப்பர் வளையங்களை அளவு பார்த்துப் பிரித்துவைக்கிறான். தப்பாகப் பிரித்தால் திட்டும் வாங்குகிறான்.

மாலையில் மீன் இறக்கி முடிந்ததும் துறைமுகக் குழாயடியில் வண்டிகள் வரிசையில் நிற்கும். முன்சக்கரத்துக்கு ஆளுக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர். புதிதாக வந்த எவனாவது அவசரத்தில் கிளம்பினால் ஜிலாலிதான் மறித்துக்கொண்டு நிற்பான்: "எங்க ஓடுற? ஊத்திட்டுப் போடா."