கப்பல்காரன் மெட்டு

என் அக்காவின் கணவர் டெரன்ஸ் அத்தானுக்கு முகத்தின் இரண்டு பக்கமும் காது இருக்கிறது. கேட்பதற்காக அல்ல, கண்ணாடி மாட்டுவதற்காக. அப்படிப்பட்டவர்தான் நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நார்த்மீட்டில் எங்கள் தமிழ்ப் பூசையின் பாடகர் குழுவை நடத்துகிறார். வாரநாட்களில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் யார் யாருக்கோ நட்டஈடு கிடையாது என்று மின்னஞ்சல் அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் பாப்பரசரின் முகம் வந்துவிடும். பின்வரிசையில் நின்று நானும் பாடுகிறேன். அக்காவுக்காகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

அவருடைய பெருமை முழுவதும் ஒரே ஒரு பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய தகப்பனார் மன்னாரில் உபதேசியாராக இருந்தவர். பூசையில் நன்மை என்னும் நற்கருணை அப்பம் கொடுக்கும் நேரத்தில் பாடுவதற்கென்று அவர் கட்டிய பாட்டு அது. மன்னார்ச் சனம் அதைக் ‘கப்பல்காரன் மெட்டு’ என்றுதான் சொல்லும். அத்தான் அதற்கு உரை எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு திருவிழாவிலும் மைக்கைப் பிடித்து அதையே ஒப்புவிப்பார்.

“கப்பல்காரன் எண்டா ஆர்? படகில நித்திரையா இருந்து, எழும்பிப் புயலை அடக்கின எங்கட ஆண்டவர். அப்பா செபத்தில இருக்கேக்க வந்த மெட்டு. ஆரிட்டயும் இரவல் வாங்கேல்ல.”

இந்த ‘இரவல்’தான் அவருடைய சட்டம். குழுவில் சொந்த மெட்டுத்தான் பாடலாம், இரவல் மெட்டு கூடாது. போன மாதம் அந்தச் சட்டத்தில் எங்கள் கோயிலுக்கு வரும் இளம்பெண் ஜெனோஜா மாட்டினாள். அவளுடைய தாய் இறந்து ஒரு வருடம் ஆகவிருந்தது. அந்த மனிசி சமைக்கும்போதெல்லாம் ஒரு பழைய சினிமாப் பாட்டை முணுமுணுப்பாராம். தமிழ் எழுதத் தெரியாத இந்தப் பிள்ளை, அந்த மெட்டுக்குத் தாயைப் பற்றி நாலு வரி கட்டி, ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். ஓராண்டு நினைவுப் பூசையில் அதைப் பாடவேண்டும் என்பது மட்டும்தான் அவள் கேட்டது.

அத்தான் பாதிதான் கேட்டார்.

“பிள்ளை, இது சினிமா மெட்டு. கோயிலுக்குள்ள செருப்போட வாற மாதிரி.”

இதைச் சொன்னபோது அவர் காலில் சப்பாத்து இருந்தது.

“அங்கிள், ப்ளீஸ். அம்மான்ர வொய்ஸ் அதுக்குள்ளதான் இருக்கு,” என்றாள் ஜெனோஜா.

“ரூல் எண்டா ரூல்,” என்று அவர் கீபோர்டை மூடினார். அந்தப் பிள்ளை அழாமல் வெளியே போக எவ்வளவு பாடுபட்டாள் என்பதைப் பார்க்கக்கூட அவர் தலையைத் தூக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பரமட்டாவில் நகரசபையின் பல்லினக் கலைவிழா. எங்கள் குழுவுக்கும் மேடையில் ஒரு இடம் கிடைத்திருந்தது. எங்களுக்கு முன்னால் இரண்டு பேர். துருக்கியின் இஸ்மீரிலிருந்து வந்து குடியேறிய ரெய்னா என்ற யூதப் பெண் பாட, ஆபர்னில் பேக்கரி வைத்திருக்கும் ஜெமால் என்ற துருக்கியர் ஊத் வாசித்தார். வயிறு பெருத்து, கழுத்து பின்பக்கம் மடிந்த ஒரு தந்தி வாத்தியம் அது. பழைய ஸ்பானியம் போன்ற ஒரு மொழியில் அவள் பாட ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில் எங்கள் குழு முழுவதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. கப்பல்காரன் மெட்டு. வளைவு நெளிவு கொஞ்சம் கூட இருந்தது, வேகம் கொஞ்சம் குறைய. மற்றபடி அதே மெட்டு.

அத்தான் கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டார்.

“களவு! அப்பான்ர பாட்டைக் களவெடுத்துப் போட்டாள்!”

அக்கா சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அந்த நேரம் பார்த்து ரெய்னாவின் பாட்டில் ‘குசினா’ என்று ஒரு சொல் வந்தது. அத்தான் என் தொடையில் ஓங்கி அடித்தார்.

“கேட்டியா நொயல்? குசினி! எங்கட தமிழ்ச் சொல்லையும் சேர்த்தெல்லோ தூக்கியிருக்கிறாள்!”

அடுப்படிக்கு நாங்கள் சொல்லும் குசினி போர்த்துக்கேயன் விட்டுப் போன சொல் என்பது மன்னாரில் நண்டு பிடிக்கிறவனுக்கும் தெரியும். இஸ்மீர்க்காரி எங்கள் வீட்டுக் குசினிக்குள் புகுந்து சொல்லைத் திருடினாள் என்று நினைப்பதற்கு டெரன்ஸ் அத்தானின் மூளை வேண்டும்.

பாட்டு முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஓடினார். குழுவும் பின்னால் ஓடியது. சண்டை பார்க்கிற ஆசையை நான் மறைக்கப்போவதில்லை.

“இந்த மெட்டு என் தகப்பனாருடையது,” என்று ஆங்கிலத்தில் அத்தான் தொடங்கினார். ‘பதிப்புரிமை’ என்ற சொல்லை இரண்டு தரம் சொன்னார்.

ரெய்னா கோபப்படவில்லை. “எங்களுடையதுகூட இல்லையே,” என்றாள். “துருக்கிக்காரர் கோப்பிக் கடையில் பாடிய பாட்டு. எங்கள் ஆட்கள் அங்கே கேட்டு, வீட்டில் எங்கள் மொழியில் பாடினார்கள். பிறகு எபிரேயச் சொல் போட்டுத் தொழுகைக்கும் கொண்டு போனார்கள். எந்தப் பாட்டின் மெட்டு என்று மேலே எழுதியும் வைப்பார்கள். அதில் என்ன வெட்கம்?”

“எங்களுடைய சூஃபிகளும் இவர்களுடைய பாடகர்களும் ஒன்றாக உட்கார்ந்து படித்தவர்கள்,” என்றார் ஜெமால். “இவர்களுடைய ஆட்கள் கட்டிய இசையை நாங்கள் சுல்தானுக்கு வாசித்தோம். இந்த மெட்டைக் கிரேக்கன் தன்னுடையது என்பான். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆமாம், உங்கள் ஊரில் இந்தப் பாட்டுக்கு என்ன பெயர்?”

அத்தான் நெஞ்சை நிமிர்த்தினார். கப்பல்காரன் மெட்டு என்று சொல்லி, கப்பல்காரன் என்றால் ஆண்டவர் என்று புயல், படகு, செபம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அவிழ்த்துவிட்டார். எங்கள் குழுவிலேயே வயது கூடியவர் அஞ்சலீனா அன்ரி. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“என்ன தம்பி கதைக்கிறீர்? கப்பல்காரன் எண்டா கப்பல்காரன்தான். நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்க, ஒரு சரக்குக் கப்பல் பழுதாகித் தலைமன்னாரில நிண்டது. அதில வந்த துருக்கிக்காரன் ஒருத்தன் உம்மட அப்பாவோட நல்ல சிநேகிதம். பொழுதுபட்டா ரெண்டு பேரும் பாட்டுத்தான். அவன்ர பாட்டுக்கு உம்மட அப்பா சொல்லுப் போட்டவர். அவரே சொல்லுவார், இது கப்பல்காரன்ர மெட்டு எண்டு.”

“அன்ரி, இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்ல?” என்று கேட்டேன்.

“எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. தம்பி மைக்கில சொல்லுறது ஏதோ பிரசங்கம் எண்டு நினைச்சன்.” பிறகு அவர் யோசித்தார். “ஆனா ஒரு மாதிரியான ஆள். வெள்ளிக்கிழமை பொழுதுபட்டா நெருப்புப்பெட்டியைத் தொடமாட்டான். விளக்குக் கொளுத்தவும் எங்களைத்தான் கூப்பிடுவான்.”

நான் அதை மொழிபெயர்த்ததும் ரெய்னா கை தட்டினாள். “அப்படியென்றால் அவன் எங்கள் ஆள்! வெள்ளி பொழுதுபட்டதும் எங்கள் ஓய்வுநாள் தொடங்கும், அதில் நாங்கள் நெருப்பு மூட்டுவதில்லை.”

“ஆள் உன்னுடையவன், மெட்டு என்னுடையது,” என்றார் ஜெமால். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள். அத்தான் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்க்கக் கிடைத்ததற்காக நகரசபைக்கு நன்றி.

இனியாவது ஜெனோஜாவைக் கூப்பிட்டுப் பாடச் சொல்வார் என்று அக்கா நம்பினாள். அவள் நம்பித்தான் இவரைக் கட்டினாள். அடுத்த ஒத்திகையில் அத்தான் அறிவித்தது வேறு.

“கப்பல்காரன் மெட்டை இனிப் பாடுறேல்ல. அதுவும் இரவல்.”

தகப்பனின் பாட்டையே தூக்கி எறிந்துவிட்டார், தன் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லை எறிய மனமில்லாமல். இப்படி ஒரு அற்பத்தனத்தை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

நினைவுப் பூசை வந்தது. நன்மை கொடுக்கத் தொடங்கியதும் வழக்கமான பாட்டு இல்லை. கோயிலில் செருமல் மட்டும் கேட்டது. அப்போது முன்வரிசையில் ஜெனோஜா எழும்பினாள். யாரையும் கேட்கவில்லை. தாயின் மெட்டைத் தனிக் குரலில் பாடினாள். இரண்டாவது வரியிலேயே வயதான மனிசிகள் மெட்டை அடையாளம் கண்டுவிட்டார்கள். சொல் தெரியாததால் வாயை மூடிக்கொண்டு கூடவே முணுமுணுத்தார்கள். அந்த மனிசி அடுப்படியில் முணுமுணுத்ததும் இப்படித்தான் இருந்திருக்கும். ஜெனோஜாவின் தகப்பன் குணசீலன் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். நானும் அழுதேன். அத்தான் கையைக் கட்டிக்கொண்டு கீபோர்டைப் பார்த்தபடி இருந்தார்.

பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணியும் பொரித்த பற்றிஸும் கொடுத்தார்கள். குணசீலன் நேரே அத்தானிடம் வந்து கையைப் பிடித்தார்.

“மாஸ்டர், பிள்ளையைப் பாட விட்டீங்கள். மறக்க மாட்டன்.”

நான் அத்தானின் வாயையே பார்த்தேன்.

“ஓம், நான்தான் விட்டனான்,” என்றார் அத்தான். “பிள்ளை ஆசைப்பட்டது.”

ஜெனோஜா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கு ஒரு பற்றிஸ் எடுத்து நீட்டினாள். அவர் வாங்கித் தின்றார்.

அன்று பின்னேரம் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தான் குசினிக்குள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தத்தோடு அவர் முணுமுணுப்பதும் கேட்டது. ஜெனோஜாவின் தாயின் மெட்டு. அதை எடுக்கும் விதம் மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது, கடைசி வரி ரெய்னா பாடிய கப்பல்காரன் மெட்டைப் போல வளைந்தது. அழகாகக்கூட இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“என்னப்பா அது, எங்கேயோ கேட்ட பாட்டு மாதிரி இருக்கு?” என்று அக்கா கேட்டாள்.

“இதுவோ? இது என்ர மெட்டு. இப்பத்தான் வந்தது.”

அவருடைய தகப்பனாவது கப்பல்காரன் பெயரைச் சொல்லிவிட்டுச் செத்தார்.