கேரவன் நிறையத் தேங்காய்

எனக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். ஏதாவது ஒரு குளக்கரையில், யார் வீட்டு மருமகளாகவும் இல்லாமல், நானே போட்ட காப்பியைச் சூடு ஆறுவதற்குள் குடித்து முடிக்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இது பேராசைதான்.

அதற்காகவே கேரவன் வண்டியை வாடகைக்கு எடுத்தோம். உள்ளேயே படுக்கை, அடுப்பு, தொட்டி, ஆள் திரும்ப முடியாத ஒரு குளியலறை. பம்ப்செட் பட்டறை வைத்திருக்கும் என் கணவர், தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் குட்டி மோட்டாரைப் பெற்ற பிள்ளை மாதிரித் தடவிக்கொடுத்தார். வழியில் குளங்கள், வெள்ளைக்காரனோடு சண்டை நடந்த ஓடாநிலை, சங்ககிரிக் கோட்டை என்று திட்டம் போட்டுக் கோவையிலிருந்து கிளம்பினோம்.

கிளம்பும்போது அவர் ஒரு காரியம் செய்தார். வண்டி முன்னால் நின்று படம் எடுத்து, எந்தெந்த ஊருக்குப் போகிறோம் என்ற விவரத்தோடு சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

சூலூர்க் குளக்கரையில் வண்டியை நிறுத்தி, அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தேன். கண்ணாடியை யாரோ தட்டினார்கள். அவருடைய சித்தி.

“ஏங்கண்ணு, எங்க ஊடு இங்கிருக்கையில கொளத்தங்கரையில அடுப்பு மூட்டறயா? ஊருக்குள்ள நாங்க தல நிமுந்து நடக்கறதா வேண்டாமா?”

அடுப்பை மூடிவிட்டுப் போனோம். அங்கே பலகாரம், அப்புறம் காப்பி, அப்புறம் ‘இருந்து ஒரு வாய் சாப்புட்டுப்போட்டுப் போங்க’. வெறுங்கையோடு அனுப்பினால் அவர்களுக்குக் குறை என்பதால் ஒரு மூட்டைத் தேங்காய் எங்கள் படுக்கையில் ஏறியது.

நாங்கள் கை கழுவுவதற்குள் சித்தி வீட்டில் சாப்பிட்ட செய்தி குழுவுக்குப் போய்விட்டது. இனி எந்த வீட்டையும் தாண்டிப் போக முடியாது. ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு இன்னொரு வீட்டை விட்டால், அடுத்த கல்யாணப் பந்தியில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ராத்திரிகளும் உறவினர் வீட்டுக் கட்டில்களில்தான் கழிந்தன. வீட்டுக்கு ஒரு மூட்டை ஏறி, அடுப்பின் மேலும் தேங்காய் வந்து உட்கார்ந்தது.

ஓடாநிலைக்குப் போனபோது, “சண்ட எந்த எடத்துலீங்க நடந்துச்சு?” என்று அந்த ஊரிலிருக்கும் அவருடைய பெரியப்பா மகனிடம் கேட்டேன். அவர் மஞ்சள் காட்டுப் பக்கம் கையை வீசினார். “இந்தப் பக்கம் பூராந்தான் அம்மணி. அத அப்பறம் பாத்துக்கலாம். கொழம்பு ஆறுது.”

அங்கே நான் பார்த்த போர் ஒன்றுதான். என்னவர் இலையை மூடப் பார்க்க, அந்த அண்ணன் இன்னொரு கரண்டி வைக்கப் பார்க்க, கடும் போராட்டம் நடந்தது. என்னவர் தோற்றார். திரும்பும்போது வண்டியில் மஞ்சள் மூட்டையும், குளியலறைக்குள் காலைக் கட்டிய ஒரு நாட்டுக்கோழியும் இருந்தன.

சங்ககிரியில் உண்ட மயக்கத்தோடு இரண்டாவது வாசல் வரைதான் ஏறினோம். கீழேயிருந்து யாரோ சொந்தக்காரர்கள் சாப்பாடு நிறைந்த தூக்குப்போசியைத் தூக்கிக் காட்டிக் கூப்பிட்டார்கள். கோட்டையைப் பிடிக்க வந்த படையை எங்கள் ஆட்கள் அடிவாரத்திலேயே பந்தியில் உட்காரவைத்திருந்தால் போதும். ஒருவனும் மலை ஏறியிருக்க மாட்டான்.

அன்று சாயங்காலம் எனக்குக் கோபம் தலைக்கேறியது. வண்டிக்குள் உட்கார இடமில்லாததால் நின்றுகொண்டேதான் கோபப்பட்டேன்.

“ஏனுங்க, வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கறீங்க? ஒருத்தர்கிட்டயாச்சும் வேண்டாமுங்கன்னு சொன்னா என்னங்க? நாளைக்கு வண்டியத் திருப்பிக் குடுக்கோணும். ஒரு காப்பிக்குக் கூட நான் குடுத்து வெக்கல.”

“அவிங்க மனசு நோகுமல்ல அம்மணி.”

என் மனசு அவர் கணக்கில் வரவே இல்லை. அழுதுவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் அவர் வண்டியை ஓட்டி, சென்னிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு குளக்கரையில் நிறுத்தினார். அடுப்பின் மேலிருந்த தேங்காய்களை அவரே எடுத்துக் கீழே வைத்தார். நான் காப்பி போட்டேன். இரண்டு பேரும் வண்டிப் படியில் உட்கார்ந்து டம்ளரைத் தூக்கினோம். அவருடைய போன் அடித்தது. அந்தக் குளத்தை ஒட்டிய ஊரில் இருக்கும் அவருடைய தாய்மாமா.

“மாப்ள, எங்க வந்துட்டிருக்கறீங்க? இட்டிலி ஊத்தியாச்சு!”

அவர் என்னைப் பார்த்தார். என் டம்ளரைப் பார்த்தார். சொந்தக்காரர்களிடம் ஒரு பொய்கூடச் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

“நாங்க நேத்தே ஊடு வந்து சேந்துட்டமுங்க மாமா.”

நேரம் பார்த்துக் குளியலறைக் கோழி கொக்கரித்தது.

“என்ன மாப்ள, கோழிச் சத்தம் கேக்குது?”

“பக்கத்து ஊட்டுக் கோழீங்க.”

போனை வைத்தபோது அவருக்கு வேர்த்துக் கொட்டியது. மாமா வீட்டுப் பக்கம் திரும்பாமல் குளத்தையே பார்த்துக்கொண்டு, “குடி அம்மணி, ஆறிப்போகும்” என்றார்.

குடித்தேன். சர்க்கரை போட மறந்துபோயிருந்தேன். ஆனால் நல்ல சூடு.