இறக்கையில் ஒரு பெருவிரல்

தங்கச்சியின் மகன் நேற்றுக் கைபேசியில் ஒரு வீடியோ காட்டினான். யாரோ ஒருவன் பொம்மைப் போர்விமானத்தில் தகடுகள் சேரும் இடங்களில் எல்லாம் கறுப்பு வர்ணம் பீச்சிக்கொண்டிருந்தான். அதற்குமேல் சாம்பல் நிறத்தை மெல்லிசாக அடித்தால் அடியிலுள்ள கறுப்பு நிழலாகத் தெரியுமாம், பறந்து பழசான விமானம்போல இருக்குமாம். "நிப்பாட்டு அந்தக் கோதாரிய!" என்று கத்திவிட்டேன். பாவம், பயந்துபோனான். உங்களுக்காவது காரணத்தைச் சொல்கிறேன்.

அந்த வேலையை நான் முதலில் பார்த்தது மட்டக்களப்பில், வாகனங்களுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த கராஜில். தின்னர் மணத்தில் சோறு தின்று பழகிய காலம். என்னோடு வேலை செய்த ரொனி போர்த்துக்கேயர் வழிவந்த ஒரு பறங்கி. அவுஸ்திரேலியாவிலுள்ள அவன் அக்கா நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, அனுப்பிய பெட்டியில் ஒரு பொம்மைப் போர்விமானம் துண்டுதுண்டாக வந்தது. அவனும் மகள் ஷெரினும் ஒட்டி முடித்து, நத்தாருக்கு முதல்நாள் கராஜுக்குக் கொண்டுவந்தார்கள். சின்ன ஸ்பிரே கன்னால் அவன் கறுப்புக் கோடு இழுக்க, அவள் காயுமுன்னே இறக்கையில் பெருவிரலை வைத்துவிட்டாள்.

"கையெடு பிள்ள!" என்று கத்தியவன், அவள் அழப்போவதைக் கண்டு இறங்கிவந்தான். "சரி சரி, நத்தார் முடிய வந்து கிரே அடிக்கக்குள்ள மறைஞ்சிரும்."

நத்தாருக்கு மறுநாள் கடல் வந்தது. டச்பார்க் கடற்கரையில் அவன் வீடும் இல்லை, ஷெரினும் இல்லை. அவளுடைய ஒரு படம்கூட மிஞ்சவில்லை. கராஜ் தட்டில் அந்த விமானம் மட்டும் கறுப்புக் கோடுகளோடு நின்றது. ரொனி அதன்மேல் வேறு வர்ணம் அடிக்கவே இல்லை.

பிறகு சண்டை மூண்டது. அரசாங்கத்தின் கிபிர் விமானம் எங்கள் தலைக்குமேலால் இரைந்துகொண்டு வாவிக்கு அப்பால் போய்க் குண்டு போடும். பழுகாமத்துப் பெரியம்மா குடும்பம் சட்டிபானையோடு ஓடிவந்து எங்கள் விறாந்தையில் கிடந்தது. இத்தனையையும் பார்த்துவிட்டு வேலைக்கு வந்தால் இங்கேயும் ஒரு போர்விமானம்! "உடைச்சு எறியன்ரா இத" என்பேன். ரொனி அதைத் தூசு தட்டுவான். இறக்கையில் அந்த விரலடையாளத்தைக் கண்டதும் நானும் என் வேலைக்குத் திரும்பிவிடுவேன். மறுநாள் மறுபடியும் திட்டுவேன்.

ஒருநாள் சோதனைக்கு வந்த ஆமி அதிகாரி அதைக் கண்டான். அரசோடு சண்டை பிடித்த இயக்கத்திடமும் விமானம் இருக்கிறதென்று எல்லாரும் பேசிய நேரம்.

"இந்தக் கோடு என்ன? எங்க சுடுற எண்டு காட்டுறதா?"

ரொனி விளக்கினான். அதிகாரி நம்பவில்லை.

"பெயின்ட்தானே? அடி. கோடு தெரியக்கூடாது."

ரொனி மெல்லிசாக அடித்தான். கோடுகளும் அந்த விரலும் நிழலாகத் தெரிந்தன. சனியன், அவ்வளவு அழகாக இருந்தது.

"தெரியுது. இன்னும் அடி."

சாம்பல் நிறம் வழிய வழிய அடிக்கவைத்து, ஒன்றும் தெரியாமல் போனபிறகு சிரித்துக்கொண்டு போனான். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

ரொனி துணியைத் தின்னரில் நனைத்தான். தின்னர் அடிவர்ணத்தையும் கரைத்துவிடும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். "வேணாம் மச்சான்" என்றேன். மேல்பூச்சை மட்டும் எடுக்கலாமென்று மெதுவாகத்தான் துடைத்தான். கறுப்பும் சேர்ந்து வந்தது. விமானத்தை என்னிடம் தந்துவிட்டு, அந்தத் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

சண்டை முடிந்ததும் ஊரெல்லாம் புதுப் பெயின்ட் அடித்தார்கள், நல்ல தடிப்பாக. கராஜ் இருந்த இடத்தில் இப்போது கைபேசிக் கடை. ரொனியும் அக்காவிடம் போய்விட்டான். மெல்லிசாக அடித்தால் அடியில் உள்ளது தெரியும் என்று எனக்கு வீடியோ போட்டுப் பாடம் எடுக்கிறார்கள். மெல்லிசாக அடிக்க விட்டால்தானே.