“பிரச்சினை இல்ல சேர்”

புது ஆட்களைக் கண்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கும், வாய் கட்டிவிடும். கிளினிக் டாக்டர் சொல்லித்தான் மாற்றுத்திறனாளி கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் அதிகாரி எதைக் கேட்டாலும், சீக்கிரம் வெளியே வந்தால் போதுமென்று “பிரச்சினை இல்ல சேர்” என்றேன். மறுத்துக் கடிதம் வந்தது.

“உள்ளதை நீ சொல்லவே இல்லையே. பேச வராட்டி எழுது” என்றாள் அக்கா.

குண்டசாலையில் எங்கள் குசினியில் கதிரை போட்டு, மூன்று பின்னேரம் மேன்முறையீடு எழுதினேன். அக்கா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வத்தேகம சந்தை வரை போய், கடைக்காரரிடம் கேட்கப் பயந்து வெறும் பையோடு திரும்பியதையும் எழுதினேன்.

அக்காவையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். அதே அதிகாரி முழுவதையும் வாசித்தார். “இவ்வளவு கஷ்டமா தங்கச்சி?” என்றார். என் வாய் தன்பாட்டில் “பிரச்சினை இல்ல சேர்” என்றது. அக்கா சிரித்துவிட்டாள், அவரும் சிரித்தார். கொடுப்பனவு கிடைத்தது.

இப்போது எந்த அலுவலகத்துக்கும் எழுதிய தாளோடுதான் போகிறேன். அக்கா கொழும்பில், தன் மகள் வீட்டில். அந்தப் பின்னேரங்களை நினைக்காத நாளில்லை. போன கிழமை போனில், “தனியா எப்படி இருக்க?” என்று கேட்டாள்.

“பிரச்சினை இல்லக்கா” என்றேன்.

போனை வைத்துவிட்டு, உள்ளதை எழுதி அனுப்பினேன்.